37.5 எங்கே போனது?

கோவை கணபதியில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்த புதிது. 190 மி.மீ. நீள பேஸ் பிளேட், அதில் வரிசையாக ஐந்து ஹோல். ஓரத்திலிருந்து முதல் ஹோல் 20, அப்புறம் ஹோலுக்கு ஹோல் 37.5. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, நேர்கோட்டு அளவு போடும் டிஎல்ஐ (DLI) கட்டளையை அடித்து முதல் அளவைப் போட்டேன். பிறகு, முந்தின அளவு முடிந்த இடத்திலிருந்து அடுத்ததைத் தொடரும் டிசிஓ (DCO). ஒவ்வொரு சென்டரையும் தொடத் தொட அளவுகள் சங்கிலியாக விழுந்தன.

பிரிண்ட்டை வாங்கிய மில்லிங் அண்ணன் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். "தம்பி, தனித்தனியா கூட்டினா 192 வருதுங்க. மொத்தம் 190னு போட்டிருக்கீங்க. எதை நம்பறது?"

20, 38, 38, 38, 38, 20. படம் சரிதான், அளவுகளின் தோற்றத்தை அமைக்கும் டைமென்ஷன் ஸ்டைலில் பிரிசிஷன் (எத்தனை தசம இடம் காட்டுவது) 0 என்று இருந்ததால் 37.5 முழு எண்ணாகிவிட்டது. பதற்றத்தில் எண்ணை டபுள் கிளிக் செய்து 37.5 என்று கையால் அடித்தேன். அதைத்தான் செய்யவே கூடாது. பிறகு கடைசி ஹோலையும் ஓரத்தையும் சேர்த்து, இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்ச் கட்டளையில் 10 மி.மீ. நகர்த்திப் பார்த்தேன். மொத்த நீளம் தானாக 200 ஆனது. கடைசி இடைவெளி 47.5 ஆகியும், நான் அடித்த 37.5 அசையாமல் அப்படியே நின்றது. பயந்துவிட்டேன். அத்தனையையும் அழித்தேன்.

'டி' (D) அடித்து டைமென்ஷன் ஸ்டைலைத் திறந்து, பிரைமரி யூனிட்ஸில் பிரிசிஷனை 0.0 ஆக்கினேன். கர்சரைப் புள்ளிகளில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பில் 'நியரஸ்ட்'டையும் எடுத்துவிட்டேன். அது இருந்தால் சென்டருக்குப் பக்கத்தில் எங்காவது ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "எனக்கு இடது ஓரம்தாங்க ஜீரோ. அங்கிருந்தே எல்லாத்தையும் கொடுத்துடுங்க." யோசித்தால் அதுதான் சரி. ஒவ்வொரு அளவுக்கும் ±0.1 டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் பிழை) என்றால், சங்கிலியில் ஐந்தாவது ஹோலுக்கு ஓரத்திலிருந்து ±0.5 வரை சேர்ந்துவிடும். ஓரத்திலிருந்து நேராகக் கொடுத்தால் அதே ±0.1தான்.

அதற்கு, எல்லா அளவையும் ஒரே புள்ளியிலிருந்து போடும் டிபிஏ (DBA) இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: முதல் அளவை எடுக்கும்போது ஓரத்தைத்தான் முதலில் தொட வேண்டும், டிபிஏ அந்தப் புள்ளியையே அடிப்படையாக வைத்துக்கொள்ளும். 20, 57.5, 95, 132.5, 170. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்ததால் அளவுக் கோடுகளின் இடைவெளியான பேஸ்லைன் ஸ்பேசிங்கை 7 ஆக்கினேன். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே 190.

புது பிரிண்ட்டை அண்ணன் மெஷின் மேல் காந்தம் வைத்து ஒட்டினார். எட்ஜ் ஃபைண்டரால் இடது ஓரத்தைத் தொட்டு ஜீரோ செய்துவிட்டு, "இருபது... அம்பத்தேழரை..." என்று வாய்விட்டுப் படித்தபடியே டேபிளை நகர்த்தத் தொடங்கினார்.