தலைக்கு மேல் இரண்டு ஓட்டைகள்

மயிலாப்பூரில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு பத்தர் கடை இருந்தது. கடை என்றால் திண்ணை அளவு இடம்தான். ஒரு குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு. 1996-ல் ஒரு சாயங்காலம், அம்மாவின் கம்மலுக்குத் திருகாணி மாற்றப் போன இடத்தில், கைப்பையில் இருந்த ஒரு புகைப்படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன்.

இரண்டாம் தியோடோசியஸ் என்ற ரோமப் பேரரசரின் தங்கக் காசு அது. ஐந்தாம் நூற்றாண்டு. கவசமும் தலைக்கவசமும் அணிந்த அரசர், முகம் முக்கால்வாசி நம் பக்கம் திரும்பியிருக்கும். தோளில் சாய்த்த ஈட்டி. கேடயத்தில் குதிரை வீரன் ஒருவன், எறும்பு அளவுக்கு. அரசரின் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், நடுவில் இரண்டு அரிசி அகல இடைவெளி. தென்னிந்தியாவில் கிடைத்த இந்தக் காலத்துத் தங்கக் காசுகள் பலவற்றில் இப்படித்தான் இரட்டை ஓட்டை இருக்கிறது. ஆபரணமாக அணிந்திருப்பார்கள் என்று படித்திருந்தேன். ஏன் இரண்டு என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்தர் படத்தை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். “ஒத்தை ஓட்டைன்னா காசு சுத்தும்மா. நூலை ரெண்டுல விட்டு வாங்கினா முகம் இந்தப் பக்கமே நிக்கும்,” என்றார். பிறகு பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “முன்னாலேருந்து அடிச்சிருக்கான். பிசிறு பின்னாடி வந்திருக்கு பாருங்க. முகம் கெடக்கூடாதுன்னு பார்த்துப் பண்ணியிருக்கான்,” என்றார்.

எனக்கு உடனே அப்பத்தா ஞாபகம் வந்தது. மதுரையில் கல்யாண வீடுகளுக்குக் கிளம்பும்போது காசுமாலையை எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு காசுக்கும் ஒரே வளையம் என்பதால் குனிந்து நிமிர்ந்தால் நாலைந்து காசு புரண்டுவிடும். உட்கார்ந்த இடத்தில் விரலால் ஒவ்வொன்றாகத் திருப்பிவிடுவார், லட்சுமி முகம் தெரிய வேண்டும் என்று. அந்த விரல் எந்தக் கவலையில் நகர்ந்ததோ அதே கவலையில்தான், 1500 வருஷத்துக்கு முன்னால், தக்காணத்தில் யாரோ ஒருவர் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசரின் தலைக்கு மேல் அளந்து ஓட்டை போட்டிருக்கிறார். அந்த அரசரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முகம் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அரசர் ஆண்ட பைசாந்தியம்தான் என் ஆராய்ச்சித் துறை. அது என்ன என்று இங்கே இரண்டு வரி. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 330-ல் போஸ்போரஸ் கரையில் தன் புதுத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளை, இன்றைய இஸ்தான்புல்லை, திறந்துவைத்தார். மேற்கே ரோம ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டில் சரிந்த பிறகும், கிழக்கே இந்த நகரத்திலிருந்து அதே ரோமப் பேரரசு 1453 மே 29 வரை நடந்தது. அந்த மக்கள் கடைசி நாள் வரை தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ‘பைசாந்தியம்’ என்பது நகரத்தின் பழைய பெயரிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஹிரோனிமஸ் வோல்ஃப் எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

நான் இதற்குள் வந்தது வைகை வழியாக. வைகை மணலைச் சலித்துப் பழங்காசு பொறுக்குகிறவர்கள் மதுரையில் உண்டு. அப்பாவின் நண்பர் ஒருவர் அவர்களிடம் வாங்கிச் சேர்ப்பவர். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது சட்டைப் பொத்தான் அளவில் கறுத்துப்போன ஒரு செப்புக் காசைக் கையில் வைத்து லென்ஸ் கொடுத்தார். காசில் இலைமாலை ஒன்று, அதற்குள் ஒரு சிலுவை. “இது ரோமாபுரிக் காசும்மா, ஆனா கிழக்கு ரோமாபுரி,” என்றார். கிழக்கே ஒரு ரோமாபுரி இருந்தது என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். பின்னாளில், தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அப்படிப்பட்ட காசுகளை வரிசையாகப் பார்த்து இரவெல்லாம் புரட்டினேன்.

சேப்பாக்கத்தில் தொல்லியல் எம்.ஏ. அங்கே பழகியது தமிழ்க் கல்வெட்டு. ஈரத்தாளைக் கல்லின் மேல் விரித்து, பிரஷால் அடித்து, மை ஒற்றிப் படி எடுப்பது. அதில் எனக்கு நல்ல கை. அப்புறம் ஆராய்ச்சிக்குப் பைசாந்தியம் என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு, “சோழர்களைப் பண்ணியிருக்கலாமே, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை. வேறொரு கல்லூரியில் கிடைத்தது. அங்கேயே 27 வருஷம் உலக வரலாறு நடத்தினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. முதல் பத்து வருஷ ஆராய்ச்சி முழுக்க அதற்குப் பதில் சொல்வதாகவே போனது. நம் மண்ணில் கிடைத்த காசுகள், நம் துறைமுகங்கள், நம் மிளகு.

கிரேக்கம் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று சீக்கிரமே புரிந்தது. சென்னையில் அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? புதிய ஏற்பாட்டை மூலத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் இறையியல் ஆசிரியர்கள் இருந்தார்கள். கீழ்ப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் என்னை மாணவியாக ஏற்றுக்கொண்டார். வாரம் மூன்று நாள், கல்லூரி முடிந்து பஸ் பிடித்துப் போவேன். இரண்டு வருஷம். ஒரு பைசா வாங்கவில்லை. “யோவான் படிக்க முடிஞ்சா உங்க ஆளுங்களையும் படிச்சிடலாம்,” என்பார். முழுக்க உண்மை இல்லை, பல எழுத்தாளர்களின் நடை பயங்கரம். ஆனால் நான் முதலில் படிக்க நினைத்தவர் எளிமையானவர்தான்.

அவர் காஸ்மாஸ். அலெக்சாண்டிரியாவின் வணிகர், ஆறாம் நூற்றாண்டு. இந்தியக் கடலோடி என்ற பட்டப்பெயர் பின்னால் வந்தது. உலகம் உருண்டை இல்லை, ஒரு பெட்டி மாதிரி என்று நிரூபிக்கத்தான் அவர் எழுத உட்கார்ந்தார். நடுநடுவே, தான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிப் போகிறார். மலே என்று அவர் குறிக்கும் மலபார்க் கரையில் மிளகு ஏற்றும் ஐந்து துறைகளை வரிசையாகத் தருகிறார். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்துக்கொண்டிருந்தேன். பார்தி. மங்கரூத். சலோபட்டனா. நலோபட்டனா. புடோபட்டனா.

கடைசிப் பெயரில் நின்றுவிட்டேன். வாய்விட்டு இன்னொரு தடவை படித்தேன். பட்டனா, பட்டினம். புதுப்பட்டினம்! பேரரசர் ஜஸ்டினியன் காலத்துக் கிரேக்க வரிக்குள் நம் ஊர்ப் பெயர் ஒன்று, யாரோ மாலுமி சொல்லக் கேட்டு எழுதிய மாதிரி, உட்கார்ந்திருந்தது. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அன்று பஸ்ஸில் போகாமல் எழும்பூர் வரை நடந்தே வந்தேன்.

இதே காஸ்மாஸ்தான் இலங்கை மன்னர் கதையைச் சொல்கிறார். சோபட்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் மன்னர் முன்னால் நிற்கிறார்கள். உங்கள் இருவரில் யார் அரசர் பெரியவர் என்று கேள்வி. பாரசீகர் அளந்து விடுகிறார். சோபட்ரோஸோ, இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காசுகளைக் காட்டச் சொல்கிறார். ரோமருடையது பளபளக்கும் தங்கம், பாரசீகருடையது வெள்ளி. மன்னர் சோபட்ரோஸை யானை மேல் ஏற்றி மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டாராம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய 500 வருஷம் முன்பே ரோம எழுத்தாளர் பிளினி, இலங்கை மன்னர் ரோமக் காசுகளின் எடை ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து வியந்த கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ரோமர்கள் தங்களைப் பற்றித் தாங்களே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்ட பெருமைக் கதை இது என்றுதான் நினைக்கிறேன். நம் மேடைகளில் இதை அப்படியே சரித்திரமாகப் பேசும்போது வருத்தமாக இருக்கிறது. காஸ்மாஸ் போகிற போக்கில் சொல்லும் இன்னொரு வரி எனக்கு அதைவிட முக்கியம்: அங்கே அனுப்பப்படும் காசுகள் பொறுக்கி எடுத்தவை.

பொறுக்கி எடுத்த காசு. அதன் அருமை பத்தருக்குத் தெரியும். சாலிடஸ் என்ற அந்தத் தங்கக் காசின் எடை ஏறத்தாழ 4.5 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேலே. ஒரு ரோம ராத்தல் தங்கத்தில் 72 காசு. பின்பக்கம் அடியில் கோனோப் (CONOB) என்று ஐந்து லத்தீன் எழுத்து பொறித்திருக்கும். முதல் மூன்று கான்ஸ்டாண்டிநோபிளைக் குறிக்கும், கடைசி இரண்டு புடம்போட்ட பொன் என்பதற்கு. எடையை அவர்கள் கேரட்டியோன் என்ற கரோப் மரத்து விதைக் கணக்கில் சொன்னார்கள். ஒரு காசுக்கு 24 விதை. நாம் இன்றைக்கும் சொல்கிற 24 கேரட் அங்கிருந்து வந்ததுதான். இதைச் சொன்னபோது பத்தர் எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து திறந்தார். உள்ளே அவருடைய அப்பா காலத்துக் குன்றிமணிகள், கறுப்பு மூக்கும் சிவப்பு உடம்புமாக. “அவங்களுக்கு ஒரு விதை, நமக்கு ஒரு விதை,” என்றார். பதினோராம் நூற்றாண்டு வரை அந்தக் காசின் மாற்று பெரிதாகக் குறையவில்லை என்று சொன்னதும், “எழுநூறு வருஷமா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரட்டை ஓட்டைகள் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில் கடைசி நன்றி அவருக்குத்தான். அச்சான பக்கத்தைக் கடையில் ஒட்டி வைத்திருந்தார்.

2007-ல் இஸ்தான்புல் போனேன். அதற்கு முன்னால் இரண்டு முறை விசா கிடைக்காமல் கருத்தரங்குகள் கைநழுவின. சம்பளத்தில் சேர்த்த டிக்கெட் பணமும் ஒருமுறை போனது. அது போகட்டும். யெனிகாப்பியில் ரயில் சுரங்கப் பணிக்காகத் தோண்டிய இடத்தில் தியோடோசியஸ் துறைமுகம் வெளிப்பட்டிருந்தது. அந்த அகழாய்வு முடிவதற்குள் மொத்தம் 37 கப்பல்கள் கிடைத்தன. நான் போனபோது பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் கறுப்பு மரச்சட்டங்கள் மேல் ராவும் பகலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். காய்ந்தால் மரம் வெடித்துவிடும். ஈர மண்ணும் பாசியும் கலந்த வாசனை. 12-ஆம் எண்ணிட்ட கப்பல், ஒன்பதாம் நூற்றாண்டு, ஜாடிகளோடு மூழ்கியது. அதில் மாலுமியின் சொந்தச் சாமான்கள் இருந்த பகுதியில் ஒரு கூடை. கூடையில் செர்ரிப் பழக் கொட்டைகள். ஆக, அந்தக் கப்பல் மூழ்கியது செர்ரி பழுக்கும் காலத்தில்.

அந்தக் கொட்டைகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், பழம் தின்றுகொண்டே கப்பல் ஓட்டிய அந்த மனிதனை நினைத்து அங்கே நின்று அழுதேன். நேர்முகத் தேர்வின் கேள்வி அன்றோடு என்னை விட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரு ஊரில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், வரி கட்டினார்கள், 532-ல் கலகம் செய்து பாதி நகரத்தை எரித்தார்கள், ஐந்தே வருஷத்தில் 31 மீட்டர் அகலக் குவிமாடத்தோடு ஹாகியா சோபியா தேவாலயத்தைக் கட்டி நிறுத்தினார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதற்குச் சென்னைக்காரிக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டுமா?

அதற்குப் பிறகு என் வேலை ஈய முத்திரைகள் பக்கம் போனது. கடிதத்தைக் கட்டிய நூல் ஈய வில்லைக்குள் ஓடும். இடுக்கி மாதிரி ஒரு கருவியால் நெரித்தால் இரண்டு பக்கமும் எழுத்து பதியும். கடிதங்களெல்லாம் போய்விட்டன, முத்திரைகள் மிஞ்சின. வாஷிங்டனில் டம்பார்டன் ஓக்ஸ் என்ற ஆய்வு நிலையத்தில் மட்டும் சுமார் 17,000 இருக்கின்றன. அவற்றின் பட்டியல் இணையத்திலேயே திறந்து கிடப்பதால், ஒரு காலத்தில் ஜெராக்ஸுக்காக நண்பர்களுக்குக் கடிதம் போட்டு மூன்று மாதம் காத்திருந்த நான், இப்போது மந்தைவெளியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு மாணவி வருகிறாள். ஆவடியிலிருந்து ரயில் ஏறி வருகிறாள், கிரேக்கம் படிக்க. போன வாரம் திரையில் ஒரு முத்திரையை வாசித்தாள். ‘ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்’ என்று தொடங்கும் வழக்கமான வேண்டுதல். உதவும் என்ற சொல்லில் நின்று, “மேடம், இவர் ஸ்பெல்லிங் தப்பா எழுதியிருக்காரு,” என்றாள். ஆமாம், அந்தக் காலத்துக்குள் பல உயிரெழுத்துகள் பேச்சில் ‘இ’ என்றே ஒலித்துவிட்டதால் எழுதுகிறவர்கள் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அலமாரியிலிருந்து என் பழைய கல்வெட்டுப் படி ஒன்றை எடுத்து விரித்தேன். ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம். சிற்பி எப்படிப் பேசினாரோ அப்படி வெட்டிவிட்டார். அவள் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த முத்திரையை மறுபடி பார்த்தாள். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை, ஒரு மணி நேரம் தப்புகளைப் பற்றியே பேசினோம்.

வரும் சனிக்கிழமை காஸ்மாஸ் தொடங்குகிறோம். மிளகுத் துறைகள் வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன வரப்போகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி அவளே படிக்கட்டும்.