நிறம் போனது, அழுக்கு போனதா?

பெங்களூரு ஆய்வகங்களில் ஒளிவினையூக்கி (ஒளி பட்டதும் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் பவுடர்) வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள் உண்டு. சாயக்கழிவு ஒரு ஆற்றை என்ன செய்யும் என்று நொய்யலைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள். "வெயிலை வைத்தே இதைச் சுத்தம் பண்ணிடலாமா சார்?" என்று முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். பண்ணலாம்தான். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது பவுடரை விடத் தண்ணீர். காய்ச்சி வடித்த நீரில் அழகாக ஓடும் சோதனை போர்வெல் தண்ணீரில் படுத்துவிடும். ஏன் என்று விளங்கிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி.

அடிப்படை எளிது. இந்தப் பவுடர் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் அனடேஸ் என்ற படிக வகைமேல் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலே எழும்பும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். அழுக்கைத் தாக்கிச் சிதைப்பது பெரும்பாலும் அதுதான். எழும்பிய எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் இதே பொருளை மின்முனையாக்கி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1977இல் ஃபிராங்க், பார்ட் இருவரும் நீரில் கரைந்த சயனைடை இதைக் கொண்டு சிதைத்தார்கள். இதில் மறக்கக் கூடாதது ஆக்சிஜன். அது போதவில்லை என்றால் எலக்ட்ரானும் காலியிடமும் திரும்பச் சேர்ந்து, விழுந்த ஒளி வெறும் சூடாகப் போய்விடும். மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப் ஒன்றே இதற்குப் போதும்.

பவுடர் வாங்கும்போது கவனம் வேண்டும். பெயின்ட்டுக்கென்று விற்கும் டைட்டானியம் இதற்கு ஆகாது. பெயின்ட் வெயிலில் பொடிந்து உதிராமலிருக்க அந்தத் துகள்மேல் சிலிக்காவோ அலுமினாவோ பூசியிருப்பார்கள். நமக்கு வேண்டிய வினையை அடக்கத்தான் அந்தப் பூச்சே. ஒப்பிட்டுப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுவது பி25 என்ற கடைப் பவுடர்: அனடேஸ், ரூட்டைல் (இன்னொரு படிக வகை) ஏறத்தாழ 80:20, கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பு. சொந்தமாகச் செய்த பவுடர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பி25 பக்கத்தில் வைத்து ஓட்டாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

வழக்கமான சோதனை இப்படி: 500 மில்லி நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம், 250 மில்லிகிராம் பவுடர். பத்து நிமிடம் சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டிகளை உடைக்கும் கருவி) வைத்துக் கலைத்துவிட்டு, விளக்கைப் போடாமல் இருட்டில் 30 முதல் 60 நிமிடம் கலக்க வேண்டும். சாயம் பவுடர்மேல் ஒட்டுவது அந்த நேரத்தில் முடிந்துவிடும். இதைத் தவிர்த்தால் ஒட்டியதெல்லாம் சிதைந்த கணக்கில் சேரும். பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடி. விளக்கும் அதற்கான டிரைவரும் பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் தேடலாம், ஆனால் புற ஊதா பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதைப் பார்க்கக் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை 4 மில்லி எடுத்து 0.2 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். சில ஃபில்டர்கள் சாயத்தையே பிடித்துக்கொள்ளும். பவுடர் இல்லாத சாயநீரை ஒருமுறை அதில் விட்டு முன்னும் பின்னும் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. பவுடரை அள்ளிப் போட்டால் வேகம் கூடும் என்று எண்ண வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டினால் பெரும்பாலும் முன்வரிசைத் துகள்களே ஒளியைக் குடித்துவிடும், பின்னால் இருப்பவை இருட்டில்தான்.

இனி மெத்திலீன் புளூவின் ஏமாற்று வேலை. ஆக்சிஜன் குறைந்த கலத்தில் அது சிதையாமலே எலக்ட்ரானை வாங்கி நிறமற்ற லூக்கோ வடிவத்துக்குப் போய்விடும். தெளிந்த மாதிரியை மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்குங்கள். காற்றுப் பட்ட மேற்பரப்பிலிருந்து நீலம் இறங்கி வந்தால் அது சுத்தமான நீரல்ல, உருமாறி நின்ற சாயம். அடுத்த ஏமாற்று, சாயம் ஒளியை அதிகம் உறிஞ்சும் 664 நானோமீட்டரில் மட்டும் அளப்பது. மெத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழல அந்த உறிஞ்சல் உச்சி குறைந்த அலைநீளத்துக்கு நகரும். 664இல் பார்த்தால் எல்லாம் போய்விட்டது போலிருக்கும். 400 முதல் 800 வரை முழு ஸ்கேன் எடுங்கள். 800 பக்கத்தில் அடிக்கோடு மேலே தூக்கினால் பவுடர் ஃபில்டரைத் தாண்டி வந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் என்று சொல்லப்படும் பவுடர்களைச் சாயத்தால் சோதிப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சாயமே அந்த ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் பவுடருக்குத் தள்ளிவிடும். பாராட்டு பவுடருக்குப் போகும். ஃபீனால் போல நிறமில்லாத ஒன்றை வைத்துச் செய்தால்தான் உண்மை தெரியும். எதை வைத்துச் செய்தாலும் டிஓசி (நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பன்) அல்லது சிஓடி (அழுக்கை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) குறைந்ததா என்று பார்க்காமல் 'சுத்தம்' என்ற சொல்லை எழுதக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்திருந்தால் மீந்தது சிஓடி கணக்கைக் கூட்டிக் காட்டும். அதை முதலில் நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இப்போது போர்வெல் தண்ணீர். பெங்களூரில் பல இடங்களில் அது கடினநீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவம் விடும். அதிலுள்ள பைகார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தின்றுவிடும். கார்பனேட் அதைவிட ஏறக்குறைய 45 மடங்கு வேகமாகத் தின்னும். அதனால் பிஎச் ஏற ஏற நிலைமை மோசம். இன்னொரு பக்கம், டைட்டானியம் துகளின் மின்னேற்றம் பிஎச் 6.3 வாக்கில் சுழியாகிவிடும். அந்த எல்லையை ஒட்டியும், கால்சியம் அதிகமான நீரிலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கலக்குவதை நிறுத்திய சில நிமிடங்களில் பீக்கர் அடியில் வெள்ளை வண்டலாக உட்காரும். ரேடிக்கலும் குறைவு, பரப்பும் குறைவு.

இதற்கு ஒரு வழி உண்டு. நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் பிஎச்சை 4க்கு இறக்கி அரை மணி நேரம் காற்று ஊதினால் பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். பாஸ்பேட் பஃபர் போட்டுவிடாதீர்கள், அது துகளின் மேற்பரப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பிஎச் 4இல் துகள் நேர்மின்னேற்றம் கொள்ளும். எதிர்மின்னேற்றமுள்ள அசோ சாயங்கள் (துணிச் சாயங்களில் ஒரு பெரிய வகை) அதைத் தேடி வரும். நேர்மின்னேற்றமுள்ள மெத்திலீன் புளூ விலகிப் போகும். ஆகவே எந்தச் சாயம் என்று தெரியாமல் பிஎச்சைத் தொடக் கூடாது. குளோரைடு மிகுந்த நீரில் அமிலப் பக்கம் போனால் குளோரின் சேர்ந்த கழிவுப் பொருட்கள் உருவாகவும் வாய்ப்புண்டு. கடைசியில் பிஎச்சைத் திரும்ப ஏற்றும்போது உப்பு கூடும், உப்பை இந்த முறை எடுக்காது. ஃபுளோரைடு, நைட்ரேட், டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்புகள்) எதையும் எடுக்காது. இதை வாங்குபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாடியில் வெயிலில் செய்வதற்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழத் தட்டு, தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வு, மேலிருந்து கீழே வழியவிட்டு பம்பால் திரும்ப ஏற்றுவது. சூரிய ஒளியில் புற ஊதா 4, 5 சதவீதம்தான். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மேகத்தில் அதுவும் சுருங்கும். எனவே நேரத்தை வைத்துக் கணக்குப் பண்ணாமல் யூவி மீட்டரில் சேர்ந்த ஒளியை வைத்துப் பண்ணுங்கள். தட்டிலிருந்து நீர் ஆவியாகும். தொடக்க மட்டத்தைக் குறித்து வைத்து, மாதிரி எடுக்குமுன் காய்ச்சி வடித்த நீரால் அந்த அளவுக்கு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக ஓடிய நாளும் ஓடாதது போலத் தெரியும்.

பவுடரைக் கண்ணாடிமேல் பூசிவிட்டால் வடிகட்டும் தொல்லை இல்லை. ஜன்னல் கண்ணாடியை எடுத்து 450 டிகிரியில் சுட்டால் அதன் சோடியம் பூச்சுக்குள் ஏறி வினையைக் கெடுக்கும். போரோசிலிகேட் எடுங்கள், அல்லது அடியில் சிலிக்காப் படலம் ஒன்று போடுங்கள். சுட்டபின் செலோடேப் ஒட்டி இழுத்துப் பார்த்தால் எவ்வளவு நிற்கும் என்று தெரியும்.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா பக்கத்து முலாம் பட்டறைக் கழிவு வேறு கதை. அங்கே எடுக்க வேண்டியது ஆறு இணைதிற குரோமியம். இதற்கு எலக்ட்ரான்தான் வேண்டும். பிஎச் 2 முதல் 3, உடன் கொஞ்சம் சிட்ரிக் அமிலம். அது காலியிடத்தை நிரப்ப, எலக்ட்ரான் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கும். இங்கே காற்று ஊதக் கூடாது, ஆக்சிஜன் போட்டிக்கு வரும். ஆறு இணைதிற குரோமியம் இருந்தால் ஊதாவாக மாறும் டைஃபினைல்கார்பசைடு விட்டு 540 நானோமீட்டரில் அளந்து, ஊதாநிறம் வராத பிறகே பிஎச்சை 8, 9க்கு ஏற்ற வேண்டும். சிட்ரிக் அமிலம் மீந்திருந்தால் குரோமியத்தைப் பிடித்து வைத்துப் படியவிடாது, அதனால் அதை அளவோடு போடுங்கள். படியும் பச்சைச் சகதியோடு பவுடரும் கலந்திருக்கும். அது அபாயக் கழிவு, சாக்கடைக்குப் போகக் கூடாது. பவுடர்மேல் படிந்த குரோமியம் எளிதில் கழுவிப் போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இறங்கும். சாயநீரில் மஞ்சளித்த பவுடரைச் சுத்தமான நீரில் போட்டு விளக்கடியில் சில மணி நேரம் வைத்து மீட்கலாம், குரோமியம் ஏறிய பவுடருக்கு அந்த வழி இல்லை. இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்க்காமல் தனித்தனியே லேபிள் ஒட்டி வையுங்கள்.