சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியரை விருதுக்குப் பரிந்துரைத்தோம்: கோப்பு தயாரான விதம்

'வழிகாட்டி' என்ற சொல்லிலேயே முதல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் முனைவர் பட்ட நெறியாளர்தான் நினைவுக்கு வருவார். விருது சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டியவர்களுக்கு என்று அறிவிப்பிலேயே தெளிவாக இருந்தும், நாங்கள் எழுதிய முதல் வரைவில் பாதிக்கு மேல் மாணவர் கணக்குதான் இருந்தது. எத்தனை பேர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பக்கம் நிரம்பியிருந்தது. அத்தனையையும் வெட்டினோம். மாணவருக்கு நெறியாளராக இருப்பது பணிக்கடமை, தன்விவரக் குறிப்பில் அதற்கென்று ஒரு தலைப்பே உண்டு. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் ஆய்வு நிதி விண்ணப்பத்தை இரவில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. இந்த விருது அந்த வேலைக்குத்தான்.

வெளியில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம். அமெரிக்க அதிபரின் பெயரில் 1995-இல் தொடங்கிய அறிவியல் வழிகாட்டல் விருதும், நேச்சர் அறிவியல் இதழ் 2005 முதல் வழங்கிவரும் விருதும் பெரும்பாலும் மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் வளர்த்தவர்களைப் பார்க்கின்றன. ஒரே துறையில் அடுத்தடுத்த அறையில் இருப்பவர்களிடையே நடக்கும் உதவி வேறு மாதிரியானது. அதில் அதிகாரம் கலந்திருக்கும், போட்டியும் கலந்திருக்கும். இன்று உதவி செய்தவரே நாளை பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம்.

கடைசித் தேதிக்குப் பத்து வாரம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும். எட்டு வாரத்தில் முடிக்கலாம், ஆனால் கடிதம் எழுதுபவர்களை விரட்ட வேண்டியிருக்கும். ஆறு வாரம் என்றால் கடிதங்கள் பலவீனமாக வரும். கற்பித்தலுக்கு மாணவர் கருத்துப் படிவம் இருக்கிறது, ஆய்வுக்குக் கட்டுரைகள் இருக்கின்றன. சக ஆசிரியருக்குச் செய்த உதவிக்கு எந்தத் தடயமும் தானாக மிஞ்சுவதில்லை. அதைத் தேடிச் சேர்க்கத்தான் முதல் நான்கு வாரமும் போகும்.

பரிந்துரைக்கப்படுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரியாமல் செய்து பிறகு மகிழ்விக்கலாம் என்ற ஆசை நல்ல மனதில் வருவதுதான், ஆனால் அது கோப்பைக் கெடுத்துவிடும். யார் யாருக்கு என்ன செய்தார் என்ற முழுப் பட்டியலும் அவர் ஒருவரிடம்தான் இருக்கும். கேட்டவுடன் ஐந்தாறு பெயர்தான் சொல்வார். பழைய மெயில்களையும் நாட்காட்டியையும் புரட்டச் சொன்னால் பதினைந்து வரை வரும். விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை: வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனவர்கள், வேறு துறைக்காரர்கள், ஒரே ஒரு நெருக்கடியில் இரண்டு மாதம் மட்டும் உதவி பெற்றவர்கள். கடைசி வகையினரிடமிருந்துதான் பல சமயம் மிக வலுவான சான்று கிடைக்கிறது.

பட்டியலை ஓர் அட்டவணையாக எழுதினோம். பெயர், பணியில் சேர்ந்த ஆண்டு, உதவி தொடங்கிய மாதம், முடிந்த மாதம், என்ன உதவி, அதற்கு ஆவணம் உண்டா, இப்போதும் பேசிக்கொள்கிறார்களா என ஏழு பத்திகள். 'ஆவணம் உண்டா' என்ற பத்திதான் உயிர்நாடி. வகுப்பை நேரில் பார்த்து எழுதிய குறிப்பு, திருத்திய விண்ணப்பத்தின் பழைய பிரதி, இருவரும் சேர்ந்து போட்ட ஆண்டுத் திட்டம் எல்லாம் ஆவணம்தான். 'எப்போதும் கதவு திறந்திருக்கும்' என்பதற்கு ஆவணம் இருக்காது. கோப்பில் அதற்கு மதிப்பும் கிடைக்காது.

கடிதம் எழுத யாரைக் கேட்பது என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டோம், அது வீணாகவில்லை. பணியிட வழிகாட்டலை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1983-இல் வழிகாட்டல் உறவை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவடிவம். தொடக்கம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, வளர்ச்சி இரண்டு முதல் ஐந்தாண்டு வரை. எல்லாக் கடிதமும் முதல் கட்டத்தில் இருப்பவர்களிடமிருந்து வந்தால் அதில் நன்றியுணர்வு இருக்கும், விளைவு இருக்காது. ஆகவே நான்கு கடிதங்களை இப்படிப் பிரித்தோம்: பணியில் சேர்ந்து மூன்றாண்டுக்கு உட்பட்டவர் ஒருவர், பதவி உயர்வு பெற்று முடித்தவர் ஒருவர், இப்போது தானே இன்னொருவருக்கு வழிகாட்டுபவர் ஒருவர், துறைக்கு வெளியிலிருந்து ஒருவர். ஐந்தாவதாக ஒருவரையும் கேட்டுவைத்தோம். நான்கு பேரைக் கேட்டால் மூன்று கடிதம்தான் நேரத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

யாரைக் கேட்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். யாருடைய பணி நிரந்தரமோ பதவி உயர்வோ இந்த ஆண்டு பரிந்துரைக்கப்படுபவரின் கையில் இருக்கிறதோ, அவரைக் கேட்கவே கூடாது. அவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது. அவர் எழுதும் கடிதம் உண்மையாகவே இருந்தாலும் விருதுக் குழு அதை நம்பாது. மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும் என்பதால், அழைப்பு மெயிலைப் பரிந்துரைக்கப்படுபவர் அனுப்பாமல் நாங்களே அனுப்பினோம். யார் எழுதினார்கள், யார் மறுத்தார்கள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கடிதங்கள் எங்களுக்கும் வராமல் நேராகக் குழுவுக்கே போகும்படி கேட்டுக்கொண்டோம். அதற்கு விதி இடம் கொடுத்தால் இந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இணைந்து கட்டுரை எழுதியவர்களின் கடிதத்தில் ஒரு குழப்பம் வரும். அது வழிகாட்டலா, கூட்டுழைப்பா? பரிந்துரைக்கப்படுபவரின் பெயரே இல்லாமல் அந்த இளம் ஆசிரியர் பிறகு வெளியிட்ட கட்டுரையைக் காட்டினோம். அந்தக் கட்டுரையின் வரைவை மூன்று முறை படித்துக் கருத்துச் சொன்னவர் ஆசிரியர் பட்டியலில் பெயர் கேட்கவில்லை என்பதை மெயில் ஆவணத்தோடு சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

கடிதம் எழுதுபவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினோம். அதில் கேள்விகள் மட்டும்: எந்த ஆண்டு, எந்தச் சிக்கலில் இருந்தீர்கள்? அவர் சரியாக என்ன செய்தார், எத்தனை முறை? அதற்குப் பிறகு என்ன மாறியது? நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றை அவர் சொன்ன சந்தர்ப்பம் உண்டா? மாதிரி வாக்கியங்களை அனுப்பினால் நான்கு கடிதத்திலும் அதே வாக்கியம் திரும்பி வரும், குழு கண்டுபிடித்துவிடும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'உங்கள் பாடத்திட்டத்தில் பாதியை நீக்குங்கள்' என்று சொன்னவரைப் பற்றிய பத்தி, 'மிகவும் ஊக்கமளித்தார்' என்ற பத்தியைவிடப் பல மடங்கு எடை கொண்டது.

சொற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரிக்ஸ், செங்கா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாக இருந்தன, ஐயத்தை எழுப்பும் தொடர்கள் அவற்றில் அதிகம் இருந்தன. வழிகாட்டல் விருதில் இந்த ஆபத்து இன்னும் பெரிது என்பது எங்கள் கருத்து. 'தாய் போல அரவணைத்தார்', 'பொறுமையின் வடிவம்' என்று பெண் பேராசிரியரைப் பற்றி எழுதுவது நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. எழுதுபவர் முழு மரியாதையோடுதான் எழுதுகிறார். ஆனால் படிக்கும் குழு அதை அவருடைய சுபாவமாக எடுத்துக்கொள்கிறது, உழைப்பாகவோ திறமையாகவோ பார்ப்பதில்லை. எனவே எங்கள் குறிப்பிலேயே 'குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்' என்று எழுதினோம். 'பொறுமையாகக் கேட்டார்' என்பது 'முதல் பருவம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினார், என் வகுப்புக்கு மூன்று முறை வந்து உட்கார்ந்து, மறுநாளே எழுத்தில் குறிப்புத் தந்தார்' என்று ஆனதும் கடிதமே வேறாகிவிடும்.

நேரக் கணக்கைப் பரிந்துரைப்பவரே போட்டுக் காட்ட வேண்டும். பதினைந்து வாரப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்தால் ஒருவருக்கு ஏழு எட்டுச் சந்திப்பு வரும். நான்கு பேர் என்றால் சுமார் முப்பது மணி நேரம். இரண்டு நிதி விண்ணப்பங்களை இரண்டிரண்டு சுற்று படித்தால், சுற்றுக்கு மூன்று மணி நேரம் வைத்து இன்னும் பன்னிரண்டு. ஆக ஒரு பருவத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல், அதாவது ஒரு முழு வேலை வாரம். இந்த ஒரு வரி குழுவில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். நாட்காட்டியில் பதிவான சந்திப்புகளை மட்டும் எண்ணுங்கள். காப்பி குடித்த நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ரகசியம் காப்பதில் தவறினால் அந்தச் சேதத்தைச் சரிசெய்யவே முடியாது. உடல்நலச் சிக்கல், துறைக்குள் கொடுத்த புகார், முதல் முறை கைநழுவிய பதவி உயர்வு இவையெல்லாம் நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டவை. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது. எட்டுப் பேர் உள்ள துறையில் '2021-இல் சேர்ந்தவர்' என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். தன்னைப் பற்றிய பத்தியை ஒவ்வொருவருக்கும் அனுப்பி, மெயிலில் ஒப்புதல் பெற்ற பிறகே கோப்பில் சேர்த்தோம். ஒப்புதல் வராதவற்றை, எவ்வளவு நல்ல சான்றாக இருந்தாலும், விட்டுவிட்டோம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு பக்கம் போதும். பிறந்தது படித்தது எல்லாம் வேண்டாம், முதல் பத்தியிலேயே இவர் யாருக்கு, எத்தனை ஆண்டாக, என்ன செய்கிறார் என்று வந்துவிட வேண்டும். விளைவுகளைச் சொல்லும்போது வெற்றியை உரியவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது. 'இவரால் ஐந்து பேருக்குப் பதவி உயர்வு கிடைத்தது' என்பது அந்த ஐந்து பேரையும் சிறுமைப்படுத்தும் வாக்கியம். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மதிப்பீட்டாளர் குறிப்பை இருவரும் சேர்ந்து படித்தார்கள், நோக்கப் பகுதி திரும்ப எழுதப்பட்டது, அடுத்த சுற்றில் நிதி கிடைத்தது என்று சங்கிலியைக் காட்டினால் யார் பங்கு எவ்வளவு என்பது தானாகவே தெரியும். பதவி உயர்வு கிடைக்காமல் போன ஒருவருடன் இவர் எப்படி நின்றார் என்பதையும் ஒரு பத்தியில் சேர்த்தோம், அவருடைய ஒப்புதலோடு.

முடித்ததும் ஒரு சோதனை செய்தோம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று 2013-இல் வெளியிட்ட வழிகாட்டல் திறன் அளவுகோலில் 26 கூறுகள் ஆறு தலைப்புகளில் வருகின்றன: பேச்சுத்தொடர்பு, எதிர்பார்ப்புகளை ஒத்திசைத்தல், புரிதலை மதிப்பிடுதல், தனித்து இயங்கச் செய்தல், பன்மையைக் கையாளுதல், தொழில்முறை வளர்ச்சி. அது ஆய்வு வழிகாட்டிகளுக்காக எழுதப்பட்டது, மதிப்பெண் போட நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. எங்கள் சான்றுகளை அந்த ஆறு தலைப்புகளின் கீழ் பிரித்துப் பார்த்தோம், அவ்வளவுதான். நாங்கள் சேர்த்தவை நிதி விண்ணப்பத்தையே பேசின, கற்பித்தல் பற்றி ஒன்றுமில்லை. உடனே ஐந்தாவது கடிதத்தைச் சேர்த்தோம்.

மற்றவை சில்லறை வேலை. நாங்கள் அனுப்புபவை எல்லாம் ஒரே பிடிஎஃப்பில், பக்க எண்ணோடு, முதல் பக்கத்தில் உள்ளடக்கம். பக்க வரம்பை மீறினால் மிகுதியைப் படிக்காமலே விடுவார்கள். கையெழுத்து விடுபட்டால் கோப்பே தள்ளுபடியாகலாம். துறைத் தலைவர் ஊரில் இருப்பாரா என்று மூன்று வாரம் முன்பே கேட்டுவையுங்கள்.

முடிவு எதுவானாலும் செய்ய வேண்டியவை சில உண்டு. கிடைத்தால், விருதுக் கடிதத்தின் நகல் பணிப்பதிவேட்டில் சேர்கிறதா என்று பாருங்கள், அடுத்த பதவி உயர்வுக் கோப்பில் அது சேவையின் கீழ் வருகிறதா, கற்பித்தலின் கீழா என்றும் டீன் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இதை நாங்கள் வலியுறுத்தக் காரணம் உண்டு: இளையவர்களுக்கு அதிக நேரம் கொடுத்த இணைப் பேராசிரியர்கள்தான் பல இடங்களில் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெறுகிறார்கள். பாராட்டுப் பலகையால் மட்டும் அந்த இழப்பு ஈடாகாது, பணிச்சுமைக் கணக்கில் நேரக் குறைப்பாகவும் பதவி உயர்வில் மதிப்பாகவும் அது வந்து சேர வேண்டும். கிடைக்காவிட்டால், குழுவிடம் கருத்துக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கு அதே பரிந்துரையை எடுத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். எடுத்துக்கொள்வார்கள் என்றால், அட்டவணையில் இந்த ஆண்டு சேர்ந்த பெயர்களையும் மாதங்களையும் இப்போதே பதிந்துவிடலாம். கடிதம் எழுதிய ஐந்து பேருக்கும் முடிவை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அதுவும் அறிவிப்புப் பலகையில் அவர்கள் பார்ப்பதற்கு முன்னால்.