கதிர்வீச்சு பட்ட என் குடலும் அதன் நோய்க்கூற்றியல் அறிக்கையும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பிறகு, என் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைத்துக்கொண்டது. சாப்பிட்ட சற்று நேரத்தில் சுருட்டிப் பிடிக்கும் வலியும், வயிற்று உப்புசமும், வாந்தியும் வரத் தொடங்கியபோது, புற்று திரும்பிவிட்டது என்றே அஞ்சினேன். சிடி ஸ்கேனில் குடற்சுவர் தடித்துக் குறுகியிருப்பது தெரிந்தது. அறுவை செய்து அப்பகுதியை அகற்றினார்கள். அகற்றிய குடலைச் சோதித்து எழுதிய நோய்க்கூற்றியல் அறிக்கைதான் எனக்கு நேர்ந்தது என்னவென்று விளக்கியது.

சிகிச்சை நடந்த வாரங்களில் எனக்கு வந்த வயிற்றுப்போக்கும், இப்போது வந்த அடைப்பும் ஒரே பாதிப்பின் தொடர்ச்சி என்று எண்ணியிருந்தேன். நோய்க்கூற்றியல் மருத்துவர் அவை இரண்டும் வெவ்வேறு என்று பொறுமையாக விளக்கினார். குடலின் உட்பரப்புச் செல்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாக வளர்பவை. அவற்றைத் தோற்றுவிக்கும் தண்டு செல்கள் அங்குள்ள சிறு குழிகளின் அடியில் இருக்கின்றன. விரைந்து பிளவுற்றுப் பெருகும் செல்களையே கதிர்வீச்சு முதலில் தாக்குவதால், உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்நீட்சிகளான குடலுறிஞ்சிகள் குட்டையாகி, உட்பரப்பு ஆங்காங்கே உரிந்து, அழற்சிச் செல்கள் வந்து குவிகின்றன. எஞ்சிய தண்டு செல்கள் மீண்டும் பெருகியதும் பரப்பு மூடிக்கொள்கிறது. அதனால்தான் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அந்த வயிற்றுப்போக்கு தானாகவே நின்றது.

பிற்காலப் பாதிப்பு இரத்த நாளங்களில் இருக்கிறது. நுண்ணோக்கியில் என் குடலின் வெட்டுத் துண்டுகளை அவர் காட்டியபோது, சிறு தமனிகளின் உட்சுவர் தடித்து, உட்புழை ஊசித்துளை அளவுக்குக் குறுகியிருந்ததைக் கண்டேன். இரத்தம் போதாத திசு மெல்ல நலிந்து, அதன் இடத்தில் கொலாஜன் நார்கள் படிந்து, சளிச்சவ்வின் அடியிலுள்ள அடுக்கு இறுகிவிடுகிறது; மேற்பரப்பில் மெலிந்து விரிந்த நுண்நாளங்கள் எளிதில் கசிகின்றன. இந்த மாற்றம் மாதக்கணக்கில், சிலருக்குப் பல ஆண்டுகள் வரை, வெளியே தெரியாமல் நடக்கிறது. புண், குறுகல், துளை, அருகிலுள்ள உறுப்புடன் தவறான இணைப்பு ஆகிய அனைத்தும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

அறிக்கையில் என்னை மிகவும் கலங்கவைத்தது, இயல்பு மாறிய நார்த்திசுச் செல்கள் காணப்படுகின்றன என்ற வரி. பெரிதாகி, வடிவம் குலைந்த உட்கருக்களைக் கொண்ட அச்செல்கள் கதிர்வீச்சு பட்ட திசுவில் வழக்கமாகக் காணப்படுபவை என்றும், அவை புற்றுச் செல்கள் அல்ல என்றும் மருத்துவர் உறுதியாகச் சொன்னார். இதற்காகவே, திசுவை அனுப்பும்போது முன்பு கதிர்வீச்சு பெற்ற விவரத்தையும் படிவத்தில் எழுத வேண்டும் என்றார். அந்த விவரம் இல்லாமல் பார்ப்பவர் தடுமாறக்கூடும். அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் தனியே படித்து அஞ்சுவதைவிட, எழுதியவரிடமே கேட்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கதிர் பட்ட இரண்டு முனைகளைச் சேர்த்துத் தைத்தால், இரத்த ஓட்டக் குறைவால் இணைப்பு ஆறாமல் கசிய வாய்ப்பு அதிகம். அதனால் அறுவை மருத்துவர் ஒரு முனையாவது கதிர்வீச்சு எல்லைக்கு வெளியே இருக்கும்படி, சிறுகுடலைப் பெருங்குடலின் ஏறுபகுதியுடன் இணைத்தார்.

சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த உப்புகளையும் வைட்டமின் பி12-ஐயும் உறிஞ்சும் இடம். அது போனதால், உறிஞ்சப்படாத பித்த உப்புகள் பெருங்குடலுக்குள் சென்று நீர்த்த மலத்தை உண்டாக்கின. அவற்றைப் பிணைக்கும் கொலஸ்டிரமின் தூளைத் தொடங்கிய பின் அது பெரிதும் குறைந்தது. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால், அதன் குறைவு உடனே தெரிவதில்லை. ஆகவே இப்போது எந்தத் தொல்லையும் இல்லாதபோதும் பி12 ஊசியை விடாமல் போட்டுக்கொள்கிறேன்; இரத்த அளவையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்து வருகிறேன்.