கீல் வைத்த சிற்பம்

யாங்கூன் தாமுவேயில் அப்பாவுக்கு இரும்பு அலமாரி பழுதுபார்க்கும் பட்டறை. கீல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதனாலோ என்னவோ, பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க்கின் ‘பிச்சோஸ்’ சிற்பங்களின் படங்களைப் பார்த்ததும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. 1960இல் தொடங்கிய வரிசை அது. அலுமினியத் தகடுகள், இடையிடையே கீல்கள். பார்க்க வருபவரே கையால் மடக்கித் திருப்பினால்தான் அது முழுமையாகும்.

இதன் வேர் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. 1940களின் நடுவில் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் ஓவியர் தொமாஸ் மால்தொனாதோவும் தோழர்களும் (பலர் கம்யூனிஸ்டுகள்) ஓவியம் ஒரு பொய்ச் சன்னலாக இருக்கக் கூடாது, அது மனிதனை நிஜ உலகிலிருந்து விலக்கிவிடும் என்றார்கள். நாற்கரச் சட்டத்தையே கோணலாக வெட்டினார்கள். கிளார்க் அதையும் தாண்டி, வேலையில் பாதியைப் பார்ப்பவர் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அதுதான் பெரிது.

அந்தச் சிற்பங்கள் பலவற்றை இன்று அருங்காட்சியகங்களில் தொட விடுவதில்லை. மனசு கேட்கவில்லை. கழிவுத் தகட்டில் ஆறு முக்கோணம் வெட்டி, ஐந்து கீல் அடித்து நானே ஒன்று செய்தேன். ஓரத்தை அரம் போட்டு மழுக்கவே ஒரு மாலை ஆனது.

அப்பா மடக்கிப் பார்த்தார். நின்றது. திருப்பினார், வேறு மாதிரி நின்றது.

“மூணாவது கீல் இறுக்கமா இருக்குடா, எண்ணெய் விடு” என்றார். அப்புறம் அரை மணி நேரம் அதை என்னிடம் தரவே இல்லை.