கச்சான் தணியும் வரை

ஜூன் 5

பலூனில் ஏற்றப்போகும் பெட்டி, தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் பாக்கெட் பாக்கெட்டாகச் சொல்ல வேண்டும். இன்று தரையில் சோதனை. எண் 41 முதல் 45 வரை ஐந்து பாக்கெட்டிலும் ஒரே இடம். பெட்டி பஸ்ஸில் உச்சிப்புளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. மண்டபம் மொட்டைமாடிக்கு வந்த தகவலில் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஐந்திலும் சிஆர்சி (வழியில் பிழை வந்ததா என்று காட்டும் எண்) சரி. ரேடியோவில் பழுதில்லை, அனுப்பிய சங்கதியே பழசு. பாக்கெட் வராமல் போனால் தெரிந்துவிடும். இது வந்தே ஏமாற்றுகிறது.

ஜூன் 6

பிடிபட்டது. பெட்டிக்குள் இருக்கும் சிறு கணினி ஆர்டுயினோ. ஜிபிஎஸ் சொல்வதைப் படிக்கும்வரை தாங்கும் அதன் சீரியல் பஃபர் 64 பைட். ஜிபிஎஸ் 9600 பாடில் பேசுகிறது, அதாவது நொடிக்கு 960 பைட். 67 மில்லிநொடியில் பஃபர் நிரம்பிவிடும். பிறகு வருவதெல்லாம் கீழே விழும். இடம் சொல்லும் ஒரு ஜிஜிஏ வரியே 70 பைட்டைத் தாண்டும். நிரலோ 10 நொடி டிலேயில் (வெறும் காத்திருப்பு) கிடந்து, எழுந்ததும் ஒரு வரி படித்து அனுப்புகிறது. கிடைப்பது பாதி பழைய வரியும் பாதி புது வரியும் ஒட்டிய ஒன்று. அதன் செக்சம் (சரிபார்ப்பு எண்) தவறும், நிரல் பேசாமல் முந்தைய இடத்தையே எடுத்துக்கொள்ளும்.

டிலேயைத் தூக்கியாயிற்று. ஜிஜிஏ போன்ற எழுத்து வரிகள் (என்எம்இஏ) மொத்தமும் நிறுத்தம். தேவையானபோது நாவ்-பிவிடி என்ற பைனரிச் செய்தியைக் கேட்டு வாங்குவது: தலையும் வாலும் சேர்த்து 100 பைட், 104 மில்லிநொடி. லோரா ரேடியோ அனுப்பி முடிக்கும்வரை காத்து நிற்கக் கூடாது. அதன் டிஐஓ0 கம்பி "முடிந்தது" என்று சொல்லும், அதுவரை லூப் சீரியலைப் படித்துக்கொண்டே இருக்கும்.

பாக்கெட்டில் புதிதாக ஒரு பைட்: வயது. கடைசி நல்ல இடம் கிடைத்து எத்தனை நொடி. 255-ஐத் தொட்டால் அங்கேயே நிற்க வேண்டும், சுற்றி 0-க்கு வந்துவிடக் கூடாது.

ஜூன் 7

கச்சான் (மேல்காற்று) போட்டு அடிக்கிறது. மாடியில் ஆன்டெனா கம்பம் நிற்கவில்லை.

ஜூன் 9

பாக்கெட்டில் இனி 80 பைட் எழுத்து வரிக்குப் பதில் 24 பைட் பைனரி. பெட்டி எண் 1, வரிசை எண் 2, நேரம் 3, அட்சம் 4, தீர்க்கம் 4, உயரம் 2, செயற்கைக்கோள் 1, உள்வெப்பம் 1, வெளிவெப்பம் 1, பேட்டரி 1, வயது 1, நிலைக்கொடி 1, சிஆர்சி 2. எஸ்எஃப்10 (லோராவின் வேக அமைப்பு), 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு பாக்கெட் அனுப்ப 862 மில்லிநொடி பிடித்தது 371 ஆகிவிட்டது. மிச்சத்தில் கொஞ்சத்தைக் பிழை பார்க்கும் கூடுதல் பிட்டுகளுக்கு, அதாவது கோடிங் ரேட் 4/8-க்குக் கொடுத்தேன்: 494. 4/5 பிழையைக் காட்டும், திருத்தாது. 4/8 ஒரு பிட்டைத் திருத்தும்.

உயரத்தைக் குறியில்லாத எண்ணாகத்தான் வைக்க வேண்டும். குறியுள்ள 2 பைட் 32,767 மீட்டரில் நிரம்பும், அடுத்த மீட்டர் −32,768. பலூன் வெடிக்கும் உயரமே அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

ஜூன் 11

நாள் முழுக்க இரைச்சல். நமக்கு உரிமம் இல்லாமல் கிடைப்பது 865–868 மெகாஹெர்ட்ஸ். செல்போன் கோபுரம் கீழ்நோக்கிப் பேசுவது 869-இல் தொடங்குகிறது. ஆன்டெனாவைக் கோபுரத்துப் பக்கம் திருப்பினால் இரைச்சல் தளம் −104 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, கீழே போகப்போக அமைதி). கடல் பக்கம் −117.

இந்த 13 டிபி சின்ன விஷயமில்லை. 100 கி.மீ.க்கு வெட்டவெளி இழப்பு 131 டிபி. 14 டிபிஎம்மில் அனுப்பினால் வந்து சேர்வது −117. எஸ்எஃப்10 இரைச்சலுக்கு 15 டிபி கீழே வரை எடுக்கும். கடல் பக்கம் கைவசம் 15 டிபி இருக்கிறது. கோபுரத்துப் பக்கம் வெறும் 2. பெட்டி சுழன்று ஆன்டெனா சாய்ந்தால் அந்த 2-உம் போச்சு.

நம் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் சா ஃபில்டர், ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால். பின்னால் போட்டால் ஆம்ப் ஏற்கெனவே திணறியிருக்கும். ரிசீவரையே கம்பத்து உச்சியில் கட்டிவிடலாம். 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 5 டிபிக்கு மேல் தின்கிறது. எஸ்எம்ஏ இணைப்பில் அதற்குள் பச்சை பூத்திருக்கிறது, உப்புக்காற்று. ரப்பர் டேப் இரண்டு சுற்று.

ஜூன் 12

எண் 212, வயது 0. எண் 213, வயது 0. இரவு முழுக்க 0.

ஜூன் 14

இன்றிரவோடு தடைக்காலம் முடிகிறது, ஐஸ் எல்லாம் போட்டுக்கு ஏறுகிறது. "அண்ணே, ஒரு பாருதான் தர முடியும், எதுல மீன் வைக்கப் போறீங்க?" என்றான் கம்பெனித் தம்பி. மீனில்லை, பேட்டரி என்றதும் அரை பார் சேர்த்துக் கொடுத்தான்.

மேலே இருக்கும் குளிரைப் பேட்டரி தாங்குமா என்று பார்க்க: நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு, தெர்மோகோல் பெட்டி. −18 வரை இறங்கியது. அல்கலைன் செல்லில் 50 நிமிடம் ஓடியது. பிறகு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் மின்னழுத்தம் சரிந்து மொத்தமும் ரீசெட். வரிசை எண் மறுபடி 1.

அதைவிடப் பெரிய ஆபத்து: ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்து எழுகிறது. எழுந்தால் பழைய நிலைக்குப் போய்விடும், அதன் எல்லை 12 கி.மீ. அதற்கு மேலே இடம் தராது. ஏர்போர்ன் நிலை (சிஎஃப்ஜி-நாவ்5, மாடல் 6) 50 கி.மீ. வரை தாங்கும், ஆனால் அது ராமில் (அணைந்தால் அழியும் நினைவகம்) மட்டும் இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை அனுப்பினால் போதாது. நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கேட்டு, 6 இல்லையென்றால் மறுபடி அனுப்பி, ஏற்புச் செய்தி வந்ததா என்று பார்த்து, அதை நிலைக்கொடியில் ஒரு பிட்டாகக் கீழே சொல்ல வேண்டும். செல் லித்தியம் ஏஏ, −40 வரை. வரிசை எண் இனி அணைந்தாலும் அழியாத ஈப்ரோமில்.

ஜூன் 17

கீழே கச்சான் கிழக்கே தள்ளும், 12 கி.மீ.க்கு மேலே கீழைக்காற்று மேற்கே இழுக்கும். நொடிக்கு 5 மீட்டர் ஏறினால் 30 கி.மீ.க்கு 100 நிமிடம். தேவிபட்டினத்தில் விட்டால் முதலில் பாக் விரிகுடாவுக்கு மேலே போய்விட்டுத் திரும்பி வரும். இறக்கம் கமுதி, சாயல்குடி பக்கம். சீமைக்கருவேலங்காட்டுக்குள் விழுந்தால் சிக்னல் சில நூறு மீட்டர்தான். ஆகவே விழுவதற்கு முந்தைய கடைசி பாக்கெட் முக்கியம். 2 கி.மீ.க்குக் கீழே இறங்கும்போது 10 நொடிக்குப் பதில் 3 நொடிக்கு ஒன்று.

ஜூன் 18

ஏறுவது 5 என்பது கேஸ் அளவைப் பொறுத்தது. 4 ஆனால் கடல் மேல் இன்னும் 6 கி.மீ. கூடப் போகும்.

ஜூன் 19

அனுமதி 21-ஆம் தேதிக்கு. காலை 5:30 முதல் 7:00 வரை.

ஜூன் 20

காற்று தணியவில்லை.

ஜூன் 21

4:50. காற்று அடங்கியிருக்கிறது. பெட்டியின் 82 மி.மீ. ஆன்டெனாக் கம்பி நேராகத் தொங்குகிறது.

5:40. எண் 1. ஏர்போர்ன் நிலையைச் சொல்லும் மாடல் பிட் சரி. வயது 0.

5:46. எண் 37, வயது 4. எண் 38, வயது 0. அந்த 4 எங்கிருந்து வந்தது?

5:52. எண் 73. சாயல்குடியில் ரிசீவரோடு நிற்கும் தம்பிக்கும் வருகிறது. பலூன் நூலை விடச் சொல்லியாயிற்று