தாத்தாவின் சவரக்கத்திக்கு வயது கண்டுபிடித்த கதை

வீட்டில் பழைய சவரக்கத்தி கிடைத்தால் தயவுசெய்து அதைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அதில் இருக்கும் எழுத்தையெல்லாம் படித்து முடிக்கும் வரைக்குமாவது. நான் கொடுத்தேன். "துருவை மட்டும் எடுங்க அண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் போனால் கத்தி கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள கழுத்தில் இருந்த எழுத்தில் பாதியைக் காணோம். "பாருங்க தம்பி, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று அவருக்கு ஒரே பெருமை. அழித்ததற்குக் கூலி நூற்றைம்பது ரூபாய்.

யார் செய்தது என்பதில் சிக்கல் இல்லை. ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு மால்டா சிலுவையும் தப்பிப் பிழைத்திருந்தன. அது இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கத்திக் கம்பெனியின் முத்திரை, 1764-இலிருந்து அவர்களுடையது. எந்தக் காலம் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 1822 முதல் அரண்மனைக்குக் கத்தி கொடுத்தவர்கள் என்பதால், நடுவில் கிரீடம் வைத்து இரண்டு பக்கமும் ஆளுகிறவரின் எழுத்தைப் பதிப்பார்கள். ஆர் என்பது லத்தீனில் ராஜா, ராணி இரண்டுக்கும் முதலெழுத்து. ஜார்ஜ் என்றால் ஜி ஆர், வில்லியம் என்றால் டபிள்யூ ஆர், விக்டோரியா வி ஆர், எட்வர்ட் இ ஆர். என் கத்தியில் கிரீடம் இருக்கிறது, ஆர் இருக்கிறது, முதல் எழுத்து சாணைச் சக்கரத்தோடு போய்விட்டது. எல்லாருக்கும் பொதுவான எழுத்து மட்டும் பத்திரம்! கீழே 'கட்லர்ஸ் டு' என்பதற்கு அப்புறம் ஒரு எச், கொஞ்சம் வெற்றிடம், பிறகு 'மெஜஸ்டி'. ராஜாவுக்கான ஹிஸ்ஸா, ராணிக்கான ஹர்ரா, அதுவும் போச்சு.

எங்கள் வீட்டுக் கதைப்படி இது பூட்டனுக்கு ஒரு துரை கொடுத்தது, வயது இருநூறு, பிடி யானைத் தந்தம். பெரியப்பா இதைச் சொல்லாத கல்யாணவீடு கிடையாது. சரி, தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று மதுரையிலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறி ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "விக்டோரியா காலம். தந்தப் பிடி வேற. தந்தம் வித்தா கேஸ் ஆயிடும் தம்பி, அதனால எண்ணூறு ரூபா தரேன்." கேஸ் ஆகும் என்றால் எண்ணூறு மட்டும் எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்: ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்து, உருகாவிட்டால் தந்தம்.

நல்லவேளை, குத்துவதற்கு முன்னால் பிடியைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். கற்பூர வாசம்! பூஜையறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முகர்ந்தேன், பிடியிலிருந்துதான் வருகிறது. அது தந்தம் இல்லை, செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். அதன் சேர்மானத்திலேயே கற்பூரம் உண்டு. தீயைக் காட்டினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த ஊசிப் பரீட்சையை யாரும் செய்யாதீர்கள். எங்களை இத்தனை வருஷம் ஏமாற்றியது அதில் ஓடும் மெல்லிய கோடுகள்தான். அவை பென்சிலால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரே சீராகப் போகின்றன. அசல் தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை மாதிரி இருக்கும்.

செல்லுலாய்டு 1870-களில்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் பிடியை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், ஆகவே அதை மட்டும் நம்பி வயது சொல்லக் கூடாது, அலகைப் பார்க்க வேண்டும். அதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனை சலூன் ஐயா. கத்தியை வாங்கி, விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டினார், ணிங் என்றது. "இது பாடுற கத்தி தம்பி. ரெண்டு பக்கமும் குடைஞ்சு எடுத்திருக்கான். ரொம்பப் பழசுன்னா ஆப்பு மாதிரி தடியா இருக்கும், சுண்டினா சத்தமே வராது." இப்படி ஆழமாகக் குடைந்து தீட்டுவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. காரைக்குடி பஸ் காசுக்கு இவரிடம் நாலு தடவை முடி வெட்டியிருக்கலாம்.

அவர் சொல்லித்தான் கழுத்தின் மறுபக்கத்தில் விபூதியைத் தேய்த்துப் பார்த்தேன். துணியால் துடைத்ததும் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது: 'இங்கிலாண்ட்'. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890-ஆம் வருஷத்து மெக்கின்லி வரிச் சட்டத்துக்குப் பிறகு பரவலான வழக்கம் அது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது சாணைக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு மங்கலான போட்டோ. பெரிதாக்கினால் கிரீடத்துக்கு இடதுபக்கம் ஒரு வளைவு தெரிகிறது. வி, டபிள்யூ, இ மூன்றிலும் வளைவே கிடையாது. அப்படியென்றால் ஜி, ஜார்ஜ். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் 1830 வரை ஆண்ட நாலாம் ஜார்ஜும் ஜி ஆர்தான், 1910-இல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜும் ஜி ஆர்தான், ஆறாம் ஜார்ஜும் அப்படியே. அந்த எழுத்தை மட்டும் பார்த்தால் பெரியப்பா ஜெயித்துவிடுவார். குடைந்த அலகையும் 'இங்கிலாண்ட்'டையும் சேர்த்துப் பார்த்தால் நாலாம் ஜார்ஜ் அடிபட்டுப்போகிறார். பாட்டி கல்யாணமாகி வந்த 1948-லேயே இந்தக் கத்தி வீட்டில் இருந்ததாம். ஆக 1910-க்குப் பின், 1948-க்கு முன். இதற்கு மேல் நெருங்க முடியவில்லை, அழிந்த எழுத்துகள் இருந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

இன்னொன்று, செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியைத் தகரப் பெட்டியில் அடைத்து வைக்காதீர்கள். அது பழசாகி மக்கும்போது வரும் ஆவி எஃகை அரிக்கும். எங்கள் கத்தியில் பிடிக்குள் மடங்கியிருக்கும் இடத்தில் மட்டும் துரு ஏறியிருந்ததற்குக் காரணம் அதுதான், அந்தத் துருவை எடுக்கப் போய்த்தான் இவ்வளவும். இப்போது காற்றாட அலமாரியில் விரித்து வைத்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜார்ஜ் துரைதானே? நானும் அதைத்தானேடா இத்தனை நாளா சொல்றேன்" என்றார்.